வாடகைச் சைக்கிளில் வந்த வீரர்



பொன்மலைப் பணிமனையின் சங்கு ஊதி ஓய்ந்த மாலை நேரம். வேலை முடித்து வருவோர் கூட்டம் வாயிலைக் கடந்து வீடு நோக்கி விரைந்துகொண்டிருந்தது. எதிர்ப்புறத்துத் தேநீர்க் கடையிலே, விரைந்து செல்ல வேண்டிய வேலை ஏதுமற்ற முதியவர்கள் நால்வர் அமர்ந்திருந்தனர். ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கால்பந்தாட்டத்தின்மீது கொண்ட ஆசையிலிருந்து ஓய்வு பெறாதவர்கள். அவர்களில் ஒருவர் திருவரங்கத்திலிருந்து பேருந்து ஏறி, காவிரிப் பாலத்தைக் கடந்து, இன்னொரு பேருந்து மாறி வந்திருந்தார். மூட்டு வலியைப் பொறுத்துக்கொண்டு அவ்வளவு தொலைவு அவர் வந்ததற்கான காரணம், அவர் மடியில் மடித்து வைத்திருந்த செய்தித்தாளில் இருந்தது.

2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16ஆம் நாள், கொல்கத்தாவில் துளசிதாஸ் பலராம் மறைந்தார். இந்தியக் கால்பந்தாட்டத்தின் பொற்காலம் என்று எந்தக் காலத்தைச் சொல்கிறோமோ, அந்தக் காலத்தின் முன்னணி ஆட்டக்காரர் மூவரில் கடைசியாக எஞ்சியிருந்தவர் அவர். பி. கே. பானர்ஜி 2020 மார்ச் 20இல் போனார். சுனி கோஸ்வாமி அதே ஆண்டு ஏப்ரல் 30இல் போனார். மூன்றாமவரும் போய்விட்டார் என்ற செய்தியைக் கேட்டுத்தான் அந்த நால்வரும் கூடியிருந்தனர். அந்த வழியே சென்ற என்னையும் அழைத்து, "உட்கார், ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போ" என்றனர். உட்கார்ந்தேன்.

இறந்தவரைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தனர். இடப்பக்க ஓரத்திலே பந்தை வாங்கினால், எதிரிக்குக் கொடுக்க மாட்டார் என்றார் ஒருவர். கொடுக்க வேண்டிய தோழனுக்குக் கொடுக்காமலும் இருக்க மாட்டார் என்றார் மற்றவர். பக்கத்தில் நின்று தேநீர் பருகிக்கொண்டிருந்த, பணிமனையில் தொழில் பழகும் இளைஞன் ஒருவன், கையிலிருந்த தொலைபேசியில் எதையோ படித்துவிட்டுத் துள்ளினான். "ஐயா! இவர் தமிழராமே! தாய் தந்தை இருவரும் தமிழர்களாமே! அப்படியென்றால் நம் ஆள்!" என்றான்.

திருவரங்கத்துப் பெரியவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "நம் ஆள்தான் தம்பி. ஆனால் அவர் காலுக்குப் பூட்ஸ் இல்லாமல் நின்றபோது, நாம் எங்கே இருந்தோம்?" என்று கேட்டார்.

இளைஞன் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது. இன்னும் என்னை விட்டபாடில்லை. அதைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன் வைக்கிறேன்.

தோழர்களே, யார் இந்தப் பலராம்? நம்மில் முதியோர்க்குத் தெரியும்; இளையோர்க்குத் தெரிய வழியில்லை. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

செகந்திராபாத் படைமுகாமை ஒட்டிய அம்முகூடா என்னும் சிற்றூரில், ஏழைத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1936இல் பிறந்தவர் அவர். பிள்ளைக்குப் பந்தாட்டத்தில் வெறி. வீட்டிலோ பூட்ஸ் வாங்கக் காசில்லை. காவலர்கள் போட்டுத் தேய்த்துக் கழித்த பழைய பூட்சுகளின் தோலைக்கொண்டு, செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் தைத்துக் கொடுத்த காலணியைப் போட்டுக்கொண்டுதான் அவர் முதலில் ஆடினார் என்று சொல்வார்கள். கழித்துப் போட்ட தோலில் கால் நுழைத்தவர், பின்னாளில் கண்டங்கள் கடந்து சென்று ஆடினார்.

அந்தப் பிள்ளையைக் கண்டெடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். சையது அப்துல் ரகீம் என்பது அவர் பெயர். ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியாளர். அந்த அணியை 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வெல்லச் செய்தவர். இந்திய அணிக்கும் பயிற்சியாளராய் விளங்கியவர். "ஐதராபாத்துக்கு வந்து பயிற்சி எடு" என்றார் ரகீம். வரலாம், எப்படி வருவது? செகந்திராபாத்தின் புறத்தே இருக்கும் சிற்றூரிலிருந்து ஐதராபாத் மைதானத்துக்கு நாள்தோறும் வந்து போக வண்டிச் செலவுக்குக் காசு ஏது? ரகீம் அறிவுரை கூறிவிட்டுப் போகவில்லை. "உழைத்தால் உயரலாம்" என்று உபதேசம் செய்யவில்லை. சைக்கிள் வாடகைக்குத் தம் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தார். அந்த வாடகைச் சைக்கிளை மிதித்துக்கொண்டுதான் பலராம் பயிற்சிக்கு வந்தார்.

அந்தச் சைக்கிள் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள்.

1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக். இருபது வயது இளைஞராய் இந்திய அணியில் பலராம். அந்த அணி அரையிறுதிவரை சென்று, நான்காம் இடம் பெற்றது. இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் இந்தியா தொட்ட உச்சி அதுதான். அடுத்தது 1960, ரோமாபுரி. முதல் ஆட்டத்தில் எதிரே நின்றது ஹங்கேரி. உலகமே அஞ்சிய ஆட்டக்காரர்கள். அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர்கள். இந்தியா 1-2 என்ற கணக்கில்தான் தோற்றது. இந்தியாவின் அந்த ஒற்றைக் கோலை அடித்த கால், அம்முகூடாவின் கால். அடுத்து பிரான்ஸ் நாட்டோடு 1-1 எனச் சமன் செய்தது அதே அணி. வெற்றி பெறவில்லைதான். ஆனால் ஹங்கேரியும் பிரான்சும் நம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லை, வியர்த்தன.

இடையிலே 1961. கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்திற்கு அவர் தலைவர். அந்த ஆண்டு கல்கத்தா லீக் போட்டியில் 23 கோல்கள் அடித்து, பட்டத்தையும் கழகத்திற்கு வாங்கித் தந்தார். நாட்டுப் பிரிவினையால் வீடு வாசல் இழந்து வந்த அகதிகள் ஆயிரமாயிரம் பேர் தங்கள் மானம் என்று நெஞ்சில் வைத்துப் போற்றிய கழகம் அது. அவர்களுடைய மொழி வங்காளம். அவர்களுடைய தலைவர் பேசக் கேட்டு வளர்ந்த மொழி தமிழ். பந்து உருளும்போது எந்த மொழி தடுத்தது? எவரும் "நீ யார், எந்த ஊர்?" என்று கேட்கவில்லை.

பிறகு 1962, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டி.

அந்தப் போட்டியில் இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்க மறுத்தது இந்தோனேசியா. அதைக் கண்டித்து, இந்தியாவைச் சேர்ந்த விளையாட்டுத் துறைத் தலைவர் ஒருவர் பேசிய பேச்சால், அந்நாட்டு மக்களின் சினம் இந்தியா முழுவதன்மீதும் திரும்பியிருந்தது. அரங்கிலே கூடியிருந்த பெருங்கூட்டம் இந்திய அணியைக் கண்டு கூச்சலிட்டது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது தென் கொரியா. குழு ஆட்டத்திலே 2-0 என்று இந்தியாவைத் தோற்கடித்த அதே அணி. தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்ற ஆட்டங்களில் கோல் அடித்துக் கொடுத்துவிட்டு, பலராம் அந்த இறுதி ஆட்டத்திற்கு வந்திருந்தார். தலையில் காயத்துக்குத் தையல் போட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை, ரகீம் முன்னணியில் நிறுத்தினார். 17ஆம் நிமிடத்தில் பானர்ஜி ஒரு கோல். 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் ஒரு கோல். 2-1. தங்கம் இந்தியாவுக்கு! கோல் காத்தவர் தங்கராஜ். அணித் தலைவர் சுனி கோஸ்வாமி. சீக்கியரும் வங்காளியும் மலையாளியும் தமிழரும் இந்துவும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒன்றாய் நின்று வென்ற தங்கம் அது. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்தாட்டத் தங்கம் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

அந்த இறுதி ஆட்டம் நடந்த நாள் 1962 செப்டம்பர் 4. மறுநாள் காலை செய்தித்தாள் வந்த நாள் எது? செப்டம்பர் 5!

பொன்மலைக்கு அந்த நாளைப் பற்றி எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1946 செப்டம்பர் 5இல், சங்கத்திடலிலே ரயில்வே தொழிலாளர் ஐவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான நாள் அது. தேநீர்க் கடையில் இருந்த முதியவர்களில் ஒருவர் சொன்னார்: "அன்று காலை அப்பாவோடு தியாகிகளுக்கு மாலை போடப் போனேன். சிறுபிள்ளை நான். யாரோ ஒருவர் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்து, 'ஜெயித்துவிட்டோம்!' என்று கத்தினார். அழுத முகங்கள் சிரித்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்."

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நாட்டில் ஆசிரியர் நாள் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டதும் அதே 1962 செப்டம்பர் 5இல்தான். முதல் ஆசிரியர் நாளுக்கு முதல் நாள், ஒரு பள்ளி ஆசிரியர் பெற்றுத் தந்த பரிசு அந்தத் தங்கம்! அப்போது அந்த ஆசிரியரின் உடலைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. 1963 ஜூன் 11இல் ரகீம் மறைந்தார்.

அதே 1963. பலராமின் நுரையீரல் உறையில் அழற்சி நோய். "இனி ஆடக் கூடாது" என்றனர் மருத்துவர்கள். 26 வயது! நம் பிள்ளைகள் பலர் படிப்பை முடித்து வேலை தேடத் தொடங்கும் வயதில், அவருடைய ஆட்டம் முடிந்துபோயிற்று. ஆசானும் போனார், ஆட்டமும் போயிற்று. எஞ்சியது ரயில்வே கொடுத்த வேலை. அந்த வேலை இல்லாதிருந்தால், 1962இன் தங்கம் 1964இல் அடகுக் கடைக்குப் போயிருக்காது என்று எவராவது உறுதி சொல்ல முடியுமா? மணம் செய்துகொள்ளாமல், கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் வாழ்ந்து, 86 வயதில் மறைந்தார்.

1962இல் அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. உடன் ஆடிய கோஸ்வாமிக்கு 1983இலும், பானர்ஜிக்கு 1990இலும் பத்மஸ்ரீ வந்தது. பலராமுக்குக் கடைசிவரை வரவில்லை. அந்த மனக்குறையை அவர் மறைத்ததும் இல்லை. மறைந்த பிறகோ இரங்கல் உரைகள் வந்தன. மலர் வளையங்கள் வந்தன. "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்ற, எல்லாச் சாவுக்கும் பொருந்துகின்ற அந்த வாசகமும் வந்தது.

தோழர்களே, இந்த இடத்தில்தான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

இப்படி ஒருவர் மறையும்போது, அவரை நேசித்தவர்கள் இரண்டு காரியம் செய்கிறோம். ஒன்று, "அவர் நம்மவர்" என்று பெருமை கொள்கிறோம். மற்றொன்று, "அவருக்கு விருது கொடுக்கவில்லையே" என்று வெகுண்டு எழுகிறோம். இரண்டும் இயல்பு. இரண்டையும் நான் குறை சொல்லமாட்டேன். அந்த இளைஞன் "நம் ஆள்" என்று துள்ளியபோது என் நெஞ்சும்தான் துள்ளியது. ஆனால் இந்த இரண்டினாலும் இன்னொரு பலராம் வரமாட்டார்! பெருமை காலணி வாங்கித் தராது. பதக்கம் ஆட்டம் முடிந்த பிறகு வருவது. ஆட்டம் தொடங்குவதற்கு அது உதவாது.

பலராமை ஆக்கியவை எவை? எண்ணிப் பார்த்தால் நான்கு. ஓடியாட ஒரு திடல். கண்டெடுக்க ஓர் ஆசிரியர். போய்வரக் கொஞ்சம் காசு. ஆட்டம் நின்றபின் சோறு போட ஒரு வேலை. இந்த நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும், அம்முகூடாவில் பந்து உதைத்த பையனை நாடு அறிந்திருக்காது. அப்படி அறியப்படாமலே போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு இரங்கல் உரையும் இல்லை. மலர் வளையமும் இல்லை. ஏனெனில் அவர்கள் மறைந்தது எவருக்கும் தெரியாது.

இந்த நான்கும் நம் திருச்சியில் இன்று எப்படி இருக்கின்றன?

போய்வரும் காசை எடுத்துக்கொள்வோம். அன்று ரகீம் என்ற தனியொரு மனிதர் தம் பையிலிருந்து கொடுத்தார். ரகீம் கண்ணில் பட்ட பிள்ளைக்குச் சைக்கிள், படாத பிள்ளைக்கு? இன்று தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு அரசே விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. தனி மனிதரின் ஈகையாய் இருந்தது, பிள்ளையின் உரிமையாய் மாறிவிட்டது. இதற்குப் பெயர்தான் அரசியல்! "பந்தாட்டத்துக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்போர்க்கு இதைக் காட்டுங்கள். ரகீமின் நல்ல மனத்தைச் சட்டத்தில் எழுதி, ஊருக்கெல்லாம் கொடுப்பதற்குத்தான் ஆட்சி வேண்டும் என்கிறோம்.

சைக்கிள் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சைக்கிள் போய்ச் சேர வேண்டிய மைதானம் எங்கே?

அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது, நல்லது. பொன்மலையில் ரயில்வே திடல்கள் இருக்கின்றன, நல்லது. ஆனால் தெருவுக்குத் தெரு, பேட்டைக்குப் பேட்டை பிள்ளைகளுக்கென்று என்ன இருக்கிறது? நம் தந்தையர் காலத்தில் பந்து உருண்ட பொட்டல்களில் இன்று வீட்டுமனைக் கற்கள் நடப்பட்டுள்ளன. திருவரங்கத்துப் பிள்ளைகள், காவிரியில் தண்ணீர் வற்றினால் மணலில் ஆடுகிறார்கள். தண்ணீர் வந்தால் ஆட்டத்தை நிறுத்திக்கொள்கிறார்கள். மேட்டூர் அணையைத் திறப்பது உழவருக்கு மகிழ்ச்சி. அந்தப் பிள்ளைகளுக்கோ அன்றோடு மைதானம் மூடல்! ஆற்றைப் பார்த்துத்தான் ஆட வேண்டுமென்றால், கரைமேல் நமக்கு நகராட்சியும் மாநகராட்சியும் எதற்கு?

அடுத்து ஆசிரியர். உடற்பயிற்சி ஆசிரியர் இல்லாத பள்ளி, ரகீம் இல்லாத ஐதராபாத். விளையாட்டு மணியைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் எத்தனை என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். கணக்கும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் காலில் என்ன இருக்கிறது என்று பார்க்க, பள்ளியில் ஒரு கண்ணாவது வேண்டாமா?

நான்காவது, வேலை. பானர்ஜி ஆடியது ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்கு. அந்த ரயில்வே அணி 1958இல் கல்கத்தாவின் பெருங்கழகங்களைப் பின்தள்ளி லீக் பட்டத்தையே வென்றது. பலராம் கடைசியில் சேர்ந்தது பெங்கால் நாக்பூர் ரயில்வே அணியில். ரயில்வேயும் காவல்துறையும் படையும் அன்று ஏழை வீட்டு ஆட்டக்காரனுக்கு அடுப்பெரிய வழி செய்தன. பொதுத்துறை வேலையைச் சுருக்கினால் சுருங்குவது கோப்புகள் மட்டுமல்ல. ஏழை ஆட்டக்காரனின் துணிச்சலும் சுருங்கும். "ஆடு மகனே, கால் ஒடிந்தாலும் சோறு உண்டு" என்று ஒரு தாய் சொல்வதற்கு, அந்த வேலைதான் அடிப்படை.

இதெல்லாம் அரசு செய்ய வேண்டியவை, கேட்போம், போராடிக் கேட்போம். ஆனால் இந்தக் கட்டுரையை நான் எழுதத் தொடங்கியது அரசைக் கேட்பதற்காக மட்டும் அல்ல. நம்மை நாமே கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆயினும் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் மாவட்டத்தின் திடல் ஒன்றில் பொதுக்கூட்டம். எந்தத் திடல், எந்தக் கூட்டம் என்பது வேண்டாம். நானும் பேசினேன். "இளைஞரே இந்நாட்டின் செல்வம்" என்று முழங்கினேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இரவு வெளியூரில் தங்காமல் அருகிலேயே ஒரு தோழர் வீட்டில் தங்கினேன். விடிந்ததும் நடக்கலாம் என்று அந்தத் திடல் பக்கம் போனேன். மேடை இல்லை, பந்தல் இல்லை, கொடி இல்லை. ஆனால் பந்தல் கால் நட்ட குழிகள் இருந்தன! வரிசை வரிசையாய், முழங்கால் ஆழத்தில், வாய் பிளந்து கிடந்தன. கயிறு கட்டிய முளைகள் சில பிடுங்கப்படாமல் நின்றன. அவற்றுக்கு நடுவே பிள்ளைகள் பந்தாடிக்கொண்டிருந்தனர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடிவந்து, குழியில் கால் விட்டு விழுந்தான். கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு போய் அவன் தாயிடம் விட்டேன். அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. "கூட்டம் போட்டால் இப்படித்தான் ஐயா, நான்தான் போகாதே என்று சொன்னேன், கேட்கவில்லை" என்றார்.

தோழர்களே, அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "கூட்டம் போட்டால் இப்படித்தான்" என்று அவர் பழகிப்போயிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. முந்தின நாள் மாலை நான் செல்வம் என்று சொன்னது அந்தப் பையனைத்தான். மறுநாள் காலை அவன் காலை வாங்கியதும் என் மேடைதான்.

நாம் மட்டுமா செய்கிறோம்? எல்லாக் கட்சியும் செய்கிறது. கண்காட்சி நடத்துவோர் செய்கின்றனர். திருவிழாக் கொண்டாடுவோர் செய்கின்றனர். உண்மை. ஆனால் பிறர் தோண்டிய குழியைக் காட்டி, நம் குழியை மூடாமல் இருக்க முடியாது.

"விலைவாசி ஏறுகிறது, வேலை இல்லை, உரிமைகள் பறிபோகின்றன. இந்த நேரத்தில் குழியைப் பற்றிப் பேசுகிறாயே" என்று சில தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பெரிய போராட்டங்களை ஒத்தி வைக்கச் சொல்லவில்லை. பெரிய போராட்டத்துக்கு நம்மோடு வர வேண்டிய மக்கள், நம்மை இந்தச் சிறிய காரியத்தில்தான் அளந்து பார்க்கிறார்கள் என்கிறேன். நாம் சொன்னது மறுநாளே மறந்துபோகும். நாம் விட்டுச் சென்றது திடலில் கிடக்கும்.

திருவரங்கத்து இராசகோபுரத்தை இன்று 13 நிலையோடு, 236 அடி உயரத்தில் பார்க்கிறோம். நம்மில் முதியோர்க்கு அது மொட்டைக் கோபுரமாய் நின்ற காலம் நினைவிருக்கும். எவரோ தொடங்கினர், பாதியில் நின்றது, நூற்றாண்டுகள் உருண்டன, "அது அப்படித்தான்" என்று ஊர் பழகிவிட்டது. 1987இல் அது நிறைவுற்றது. கோயிலைப் பற்றி அவரவர்க்கு ஒரு கருத்து இருக்கலாம். நான் சொல்வது பழக்கத்தைப் பற்றி. 1962இல் நின்றுபோன இந்தியக் கால்பந்தாட்டமும் ஒரு மொட்டைக் கோபுரம்தான். அதைப் பார்த்துப் பார்த்து, "நமக்கு இவ்வளவுதான்" என்று பழகிவிட்டோம். குழியில் விழுந்த பிள்ளையின் தாய் பழகியதுபோல! பழகியதை மாற்ற முடியும் என்பதற்கு, ஆற்றுக்கு அக்கரையில் நிற்கும் அந்தக் கோபுரமே சான்று.

நம்பிக்கைக்கு இன்னொரு சான்றும் உண்டு. பலராம் மறைந்து ஆறு திங்கள்கூட ஆகவில்லை. 2023 ஆகஸ்ட் 12, கொல்கத்தா. டூரண்ட் கோப்பைப் போட்டியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஈஸ்ட் பெங்கால் தன் பரம எதிரியை வென்றதே இல்லை. அன்று வென்றது, 1-0 என்று. அந்த ஒற்றைக் கோலை அடித்தவர், சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர். பலராம் தலைமை தாங்கிய அதே கழகத்தின் சிவப்பும் பொன்னும் கலந்த சட்டையில், இன்னொரு தமிழ் இளைஞர்! பலராம் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நாம் பார்த்தோம்.

பெருமை கொள்வோம், தோழர்களே. நிறையப் பெருமை கொள்வோம். ஆனால் அந்தப் பெரியவரின் கேள்வியையும் உடன் வைத்துக்கொள்வோம். நாளை ஒரு பிள்ளை வென்று வரும்போது, "நம் ஆள்" என்று சொல்ல நமக்கு வாயிருக்க வேண்டுமானால், அந்தப் பிள்ளை தோற்றுக்கொண்டிருந்த நாளில் நாம் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆகவே கிளைத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. உங்கள் பகுதியில் பிள்ளைகள் ஆடும் திடல் எது, அது யார் பெயரில் இருக்கிறது, எவர் கண் அதன்மேல் இருக்கிறது என்று தெரிந்து வையுங்கள்; மனை போடக் கல் நடும் நாளுக்கு முன்பே மாநகராட்சியிலும் ஊராட்சியிலும் மனுக் கொடுங்கள். உங்கள் பகுதிப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாவது, எவரிடமும் கேட்க வேண்டாதது. எவருடைய ஆணையும் நிதியும் வேண்டாதது. கூட்டம் முடிந்த இரவில், பந்தல் பிரித்த பிறகு, பத்துத் தோழர்கள் மண்வெட்டியோடு ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். முளைகளைப் பிடுங்குங்கள். ஆணியும் கண்ணாடியும் பொறுக்குங்கள். குழிகளை மண் போட்டு மிதித்து மூடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் நான் பேச வந்தால், எனக்கும் ஒரு மண்வெட்டி எடுத்து வையுங்கள். மாலை வேண்டாம்.

விடிந்ததும் அந்தத் திடலுக்கு ஒரு பையன் வருவான். அவன் காலில் என்ன இருக்கிறதென்று இன்று எவருக்கும் தெரியாது. அவன் ஓட வேண்டும்.